தகர டப்பாவும் துருவும்

‘தகரம்’ என்பது நம்மை ஏமாற்றக்கூடிய சொல். எண்ணெய் டின்னையும் பிஸ்கட் டின்னையும் தகரம் என்கிறோம். ஆனால் அந்த டின்னின் எடையில் ஏறத்தாழ 99 விழுக்காடு எஃகுதான். அதன் இரு முகங்களிலும் மெல்லிய போர்வையாகப் பூசப்பட்டிருப்பதே வெள்ளீயம். இதை நினைவில் வைத்துக்கொண்டால், “தகர டப்பா ஏன் துருப்பிடிக்கிறது?” என்று வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். துருப்பிடிப்பது வெள்ளீயம் அன்று. அதன் அடியில் இருக்கும் எஃகு. மீதிப் பாதி விடையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு எடுத்துக்காட்டாகச் சுங்கான் புகையிலை டப்பாவை எடுத்துக்கொள்கிறேன். புகையிலை உடலுக்குக் கேடு விளைவிப்பது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதைப் போற்றுவது என் எண்ணமும் அன்று. ஆயினும் டப்பாவைப் பற்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. பிஸ்கட் டின் ஒரு மாதத்தில் காலியாகிவிடும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சுங்கான் பிடிப்போர் சிலர் புகையிலை டப்பாக்களைத் திறவாமலேயே பத்து, இருபது ஆண்டுகள் வைத்திருப்பார்கள். காற்றுப் புகாமல் மூடிய டப்பாவுக்குள் வர்ஜீனியா வகை இலை மெல்லக் கருத்து, காரம் தணிந்து, மணம் முதிரும் என்பது அவர்கள் அனுபவம். அதற்காகவே வீட்டின் நிலவறையில் டப்பாக்களை அடுக்கி வைக்கிறார்கள். அந்த இருபது ஆண்டுக் காத்திருப்பைக் குலைக்க ஊசிமுனை அளவு துளை ஒன்று போதும். அத்துளையை இடுவது துரு.

டப்பாவின் அமைப்பு

1810-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் என்பவர் உணவைத் தகரக் கலங்களில் அடைத்துக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சில ஆண்டுகளில் பிரையன் டான்கின் என்பவர் லண்டனில் ஆலை அமைத்து, 1813-இல் ஆங்கிலேயக் கடற்படைக்கு டின் உணவு வழங்கத் தொடங்கினார். அக்காலத்தில் இரும்புத் தகட்டை உருகிய வெள்ளீயத்தில் முக்கி எடுத்துப் பூசினார்கள். பூச்சு தடிமனாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, மின்பகுப்பு முறையில் மிக மெல்லியதாகப் பூசும் வழக்கம் பரவியது. இன்றைய தகரத்தில் எஃகுத் தகடு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கனம். அதன்மேல் உள்ள வெள்ளீயப் படலமோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றியே இருக்கும். இவ்வளவு மெல்லிய படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பது இயல்பு. அவற்றை மறைக்கவே மேலே வண்ண அச்சும் அரக்கு மெருகும் பூசுகிறார்கள்.

ஆகவே டப்பாவுக்கு மூன்று காவல்கள் உள்ளன: வெளியே மெருகு, அடுத்து வெள்ளீயம், கடைசியில் எஃகின் கனம். மெருகு உடையும் இடங்கள் எவை என்று பாருங்கள். மூடியின் விளிம்பு, மடித்து இணைத்த தையல், அடிப்பக்கத்து வளையம், நான்கு மூலைகள் ஆகிய இவையே. தகட்டை வளைத்த இடத்தில்தான் பூச்சு விரிசல் காணும். பழைய டப்பா ஒன்றைக் கையில் எடுத்தால் துரு முதலில் இந்த இடங்களில்தான் தென்படும்.

துரு பிறக்கும் விதம்

இரும்பும் காற்றும் சேர்ந்தால் மட்டும் துரு உண்டாகாது, நீரும் வேண்டும். நீர்த்துளிக்கு அடியில் இரும்பின் ஒரு பகுதி ஆனோடாகவும் மற்றொரு பகுதி கேத்தோடாகவும் அமைந்து, ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. ஆனோடில் இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. கேத்தோடில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சில் அயனிகளாகின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிறத் துரு படிகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யு. ஆர். எவான்ஸ் 1920-களில் இதை ஓர் எளிய சோதனையால் விளக்கினார். தூய்மையாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பினாப்தலினும் கலந்த உப்புநீர்த் துளி ஒன்றை வைக்க வேண்டும். சிறிது நேரத்தில் துளியின் நடுவில் நீலமும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் தோன்றும். ஓரத்தில் காற்று எளிதில் கிடைப்பதால் அது கேத்தோடு. நடுவில் ஆக்சிஜன் குறைவதால் அது ஆனோடு. இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. எங்கே ஆக்சிஜன் குறைவோ அங்கேதான் இரும்பு கரைகிறது.

நெடுநாள் சேமிப்பவர் இதை மறக்கலாகாது. ஒரு டப்பாவின்மேல் இன்னொன்றை அடுக்கும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, காகித ஒட்டுச்சீட்டின் அடிப்பகுதி, மூடி விளிம்பின் உட்புறம் ஆகிய இடங்களில் ஈரம் தேங்கும். ஆனால் ஆக்சிஜன் எளிதில் செல்லாது. திறந்த முகம் பளபளப்பாக இருக்க, இடுக்கில் மட்டும் வளையமாகத் துரு பிடிப்பது இதனால்தான்.

காவலனே பகைவனாகும் நிலை

நம் ஊர்களில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் வழக்கத்தை அனைவரும் அறிவோம். பெயர் ஈயம் என்றாலும் அங்கே பூசப்படுவதும் வெள்ளீயமே. அந்தப் பூச்சில் கீறல் விழுந்தால் அவ்வளவு பெரிய கேடு இல்லை. ஆனால் எஃகின்மேல் பூசிய வெள்ளீயத்தில் கீறல் விழுந்தால் கேடு பெரிது. ஏன் இந்த வேறுபாடு?

விடை மின்வேதி வரிசையில் உள்ளது. திட்ட மின்முனை மின்னழுத்தம் துத்தநாகத்துக்கு -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44, வெள்ளீயத்துக்கு -0.14, தாமிரத்துக்கு +0.34. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நனைந்திருந்தால், எதிர்க்குறியில் அதிகம் உள்ளதே முதலில் கரையும். தாமிரத்தோடு சேர்ந்தால் வெள்ளீயம் தன்னைத் தந்து தாமிரத்தைக் காக்கும். இரும்போடு சேர்ந்தாலோ வெள்ளீயம் பத்திரமாக இருக்க, இரும்பு கரையும். அதிலும் பெரிய வெள்ளீயப் பரப்பு முழுவதும் கேத்தோடாக இருக்க, கீறலில் தெரியும் சிறு எஃகுப் புள்ளி மட்டும் ஆனோடு ஆகிறது. கரைதல் முழுவதும் அந்த ஒரு புள்ளியிலேயே நிகழ்வதால் துரு பக்கவாட்டில் பரவாமல் ஆழமாகக் குடைந்து செல்கிறது. டப்பாவின் முகம் முழுவதும் அழகாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஊசித்துளை விழும் மர்மம் இதுதான்.

அப்படியானால் வாளிக்குப் பூசுவதுபோல் டப்பாவுக்கும் துத்தநாகம் பூசலாமே என்று கேட்கலாம். துத்தநாகம் இரும்பைக் காக்கும். ஆனால் புளிப்புப் பொருள்களில் எளிதில் கரைந்து உணவைக் கெடுக்கும். பழச்சாறு போன்ற புளிப்புப் பொருள்கள் உள்ள, காற்று அகற்றப்பட்ட டின்னுக்குள் நிலைமை தலைகீழாக மாறிவிடுவதும் உண்டு. அங்கே கரைந்த வெள்ளீய அயனிகளைக் கனி அமிலங்கள் பிணைத்துக்கொள்வதால், வெள்ளீயமே ஆனோடாகி எஃகைக் காக்கிறது. ஒரே டப்பாவில் உட்புறத்தில் நண்பன், வெளிப்புறத்தில் பகைவன்! ஆகவே நெடுநாள் சேமிப்பில் முதல் கவலை வெளிப்புறத்தைப் பற்றியதே.

ஈரப்பதத்தின் எல்லை

துரு உண்டாகக் கண்ணுக்குத் தெரியும் நீர்த்துளி தேவையில்லை. 1920-களிலும் 1930-களிலும் இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னான் காற்றில் உலோகங்கள் அரிக்கப்படுவதை விரிவாக ஆராய்ந்தார். ஒப்பு ஈரப்பதம் ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு மிக மெதுவாகவே அரிக்கப்படுகிறது. எல்லையைத் தாண்டியதும் அரிப்பு திடீரென்று விரைகிறது. கந்தக டை ஆக்சைடு போன்ற மாசுகள் கலந்த காற்றில் அந்த எல்லை ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆதலால் 50 விழுக்காட்டுக்குக் கீழே காற்றை வைத்திருந்தால் தூய்மையான டப்பா ஆண்டுக்கணக்கில் கெடாது.

‘தூய்மையான’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். சாதாரணச் சமையலுப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியும். கடற்கரைக் காற்று பட்ட டப்பாவிலும், வியர்வைக் கை பட்ட டப்பாவிலும் இந்த உப்புகள் ஒட்டியிருக்கும். உலர்ந்த அறை என்று நாம் நினைக்கும் இடத்திலும் அந்த உப்புப் புள்ளி மட்டும் நனைந்தே இருக்கும். விரல் ரேகையின் வடிவிலேயே துரு பிடித்திருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வாழ்வோருக்கு இது புதிய செய்தி அன்று.

கடுங்குளிரும் இதற்கு விலக்கன்று. 2017-ஆம் ஆண்டு அண்டார்க்டிகாவின் அடேர் முனையில் உள்ள பழைய குடிசையில், ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனத்தின் பழக் கேக் ஒன்று அதன் தகர டப்பாவோடு கிடைத்தது. அது கேப்டன் ஸ்காட்டின் குழுவினர் 1911-இல் கொண்டு சென்றது என்று கருதப்படுகிறது. நூறாண்டுக்கு மேலாகியும் கேக் உண்ணத்தக்கதுபோல் இருந்தது. டப்பாதான் துருவேறிச் சிதைந்திருந்தது. இதற்கு மாறாக, 1824-இல் பாரி என்ற கடற்பயணியின் ஆர்க்டிக் பயணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு இங்கிலாந்துக்குத் திரும்பி வந்த கன்றிறைச்சி டின் ஒன்றை 1930-களின் இறுதியில் திறந்தபோது, உள்ளிருந்த இறைச்சி நல்ல நிலையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், டப்பாவின் ஆயுளை முடிவு செய்வது ஆண்டுகளின் எண்ணிக்கை அன்று, அதைச் சூழ்ந்திருந்த காற்றே என்று துணியலாம்.

நிலவறையில் பனி

குளிர்ச்சியான நிலவறையே சேமிப்புக்கு உகந்தது என்று மேலைநாட்டார் பலர் எண்ணுகிறார்கள். வெப்பநிலையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். கோடையில் இங்கிலாந்தின் வெளிக்காற்று 20 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்று கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை 14.4 டிகிரி. நிலவறையில் உள்ள டப்பா 13 டிகிரியில் இருந்தால், அக்காற்று பட்ட உடனே டப்பாவின்மேல் நீர் படியும். ‘காற்றோட்டம் நல்லது’ என்று கோடையில் நிலவறைச் சன்னலைத் திறப்பவர் தம் கையாலேயே டப்பாக்களை நனைக்கிறார். குளிர்காலத்தில் வெளிக்காற்றில் நீராவி குறைவு. அப்போது திறந்தால் அறை உலரும். ஒரே செயல் ஒரு பருவத்தில் மருந்தாகவும் மற்றொரு பருவத்தில் நஞ்சாகவும் அமைகிறது.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து டப்பாவை வெளியே எடுக்கும்போதும் இதே நிகழ்ச்சிதான். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் நனையும். ஆகவே குளிர்ச்சியைத் தேடுவதைவிட ஏற்ற இறக்கமில்லாத வெப்பநிலையைத் தேடுவதே அறிவுடைமை. வீட்டின் நடுவே, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரி நிலவறையைவிட மேல்.

தடுக்கும் வழிகள்

முதலாவது, தூய்மை. டப்பாவைச் சேமிக்கும் முன் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, சில மணி நேரம் உலரவிட வேண்டும். அதன்பின் பருத்திக் கையுறையோடு கையாளலாம்.

இரண்டாவது, மெழுகு. நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகத் தடவி மென்துணியால் மெருகேற்றினால் விளிம்புகளிலும் மூலைகளிலும் உள்ள விரிசல்கள் மூடும். இத்தகைய மெழுகுக் கலவை ஒன்றை 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். இன்றும் அருங்காட்சியகங்களில் அது பயன்படுகிறது. மெழுகு நீராவியை முழுவதும் தடுக்காது; உப்பும் நீரும் உலோகத்தைத் தொடுவதைத் தாமதப்படுத்தும். வாசலின் தடவினால் தூசி ஒட்டும். காகித ஒட்டுச்சீட்டில் கறை ஏறும்.

மூன்றாவது, உறை. பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் பெட்டி நல்லது. பி.வி.சி. நாளடைவில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை வெளிவிடக் கூடும். ஓக் மரப்பெட்டி அசெட்டிக் அமில ஆவியை வெளிவிடும். அட்டைப் பெட்டியும் செய்தித்தாளும் ஈரத்தை உறிஞ்சி டப்பாவின்மேல் ஒட்ட வைக்கும். துருவைத் தடுக்கும் ஆவி கலந்த தாள்கள் எந்திர உறுப்புகளுக்கு உரியவை; வாயிலோ மூச்சிலோ செல்லும் பொருளின் அருகே அவற்றை வைக்கலாகாது.

நான்காவது, உலர்த்தி. சிலிக்கா ஜெல் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 17.3 கிராம் நீராவியைத் தாங்கும். 50 லிட்டர் பெட்டியில், 70 விழுக்காடு ஈரப்பதத்தில் இருக்கும் நீராவி 0.6 கிராம்தான். அதை 40 விழுக்காட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழக் கால் கிராம் நீரை அகற்றினால் போதும். சில கிராம் ஜெல்லே அதைச் செய்துவிடும். அப்படியிருந்தும் ஜெல் விரைவில் தீர்ந்துபோவது ஏன்? மூடியின் சந்து வழியே நாள்தோறும் புதிய ஈரக்காற்று நுழைவதாலும், உள்ளே வைத்த அட்டையும் காகிதமும் தம்மிடமுள்ள நீரை விடுவதாலும்தான். எனவே ஜெல்லைக் கூட்டுவதற்கு முன் மூடியை இறுக்க வேண்டும். அட்டையை அகற்ற வேண்டும். ஈரமேறிய ஜெல்லை 120 டிகிரி அளவில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.

ஐந்தாவது, இடைவெளி. டப்பாக்களை ஒன்றோடொன்று உரசாமல் வைத்து, நடுவில் மெல்லிய பாலிஎத்திலீன் நுரைத் துண்டு இட்டால் கீறலும் தவிரும், வளையத் துருவும் தவிரும்.

எடை சொல்லும் செய்தி

டப்பாவைத் திறவாமல் அது பழுதின்றி உள்ளதா என்று எப்படி அறிவது? வெற்றிட முறையில் மூடிய வட்ட டப்பாவின் மூடி உள்நோக்கிச் சற்றுக் குழிந்திருந்தால் காற்று இன்னும் புகவில்லை எனலாம். தட்டையான செவ்வக டப்பாக்களில் இந்த அடையாளம் அவ்வளவு தெளிவாக இராது.

நம் துறையின் தராசு இதற்கு நல்ல வழி காட்டும். 50 கிராம் புகையிலையில் 16 விழுக்காடு ஈரம் இருந்தால் அதில் நீர் 8 கிராம். ஊசித்துளை விழுந்துவிட்டால், வறண்ட அறையில் அந்த நீர் மெல்ல வெளியேறும். சேமிக்கும் நாளில் டப்பாவை 0.1 கிராம் நுட்பத்துக்கு எடைபோட்டு அடியில் சீட்டில் குறித்து வைத்து, ஆண்டுக்கொரு முறை எடை பார்த்தால் போதும். அரை கிராம் குறைந்திருந்தாலே டப்பா கசிகிறது என்று அறியலாம். துருப்பிடிப்பதால் எடை கூடுமே என்று கூர்மையான மாணவர் கேட்கக்கூடும். உண்மைதான்; ஆனால் ஊசித்துளையில் அழியும் இரும்பு சில மில்லிகிராம் மட்டுமே. அந்தக் கூடுதல் நம் தராசில் தெரியாது.

துரு தோன்றிய பின்

மேலோட்டமான துருவை வெண்கல இழைப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். எஃகு இழைப் பஞ்சு உதிர்க்கும் இரும்புத் துகள்களே மறுபடி துருவுக்கு வித்தாகிவிடும். தேய்த்த இடத்தில் டானிக் அமிலக் கரைசலைத் தடவினால் எஞ்சிய துரு கருநீல ஃபெர்ரிக் டானேட்டாக மாறி நிலைபெறும். உலர்ந்த பின் மெழுகு பூச வேண்டும். குழி ஆழமாக இருந்தால் டப்பாவைக் காக்க முயல்வது வீண். உள்ளிருக்கும் பொருளை, ஜான் மேசன் 1858-இல் காப்புரிமை பெற்ற திருகுமூடிக் கண்ணாடிச் சாடி போன்ற ஒன்றுக்கு மாற்றி இருட்டில் வைப்பதே முறை. கண்ணாடிக்குத் துரு இல்லை. ஆனால் ஒளி புகும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இதுவரை கூறியவற்றின் சாரம் இதுதான்: துரு காலத்தால் வருவதன்று, ஈரம், உப்பு, இடுக்கு ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் வருவது. மூன்றில் ஒன்றையாவது விலக்கினால் அதன் வேகம் குறையும். மூன்றையும் விலக்கினால் மெல்லிய தகரமும் மனித ஆயுளைக் கடந்து நிற்கும்.

இதை என் சொல்லுக்காக நம்ப வேண்டாம். பழைய டின் ஒன்றை வெட்டி ஆறு சிறு பட்டைகள் செய்யுங்கள். எல்லாவற்றிலும் ஒரு கீறல் போடுங்கள். மூன்று பட்டைகளில் மட்டும் உப்புநீர் தொட்ட விரலை வைத்து எடுங்கள். இறுக மூடும் மூன்று கண்ணாடிப் புட்டிகளில் முறையே சிலிக்கா ஜெல், நிறைவுற்ற உப்புக் கரைசல், வெறும் நீர் ஆகியவற்றை அடியில் இடுங்கள். ஒவ்வொன்றிலும் உப்புப் பட்ட பட்டை ஒன்றையும் படாத பட்டை ஒன்றையும் திரவத்தைத் தொடாமல் நூலில் தொங்கவிடுங்கள். நடுப்புட்டியில் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். நாள்தோறும் பார்த்து, கீறலில் முதல் பழுப்புப் புள்ளி தோன்றிய நாளைக் குறித்து வாருங்கள். செலவு மிகச் சிறிது, கற்பதோ மிகுதி. அந்த அட்டவணை அடுத்த ஆண்டு மலரில் உங்கள் பெயரோடு வரட்டும்.